லிஸ்பனில் ஒருத்தரும் இல்லை

சிவாஜினி லிஸ்பனைத் தேர்ந்தெடுத்தது அதன் அழகைப் பார்த்து அல்ல. அங்கே அவளுக்கு யாரும் இல்லை என்பதால்தான்.

அப்படியொரு ஊர் லேசில் கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் வரைபடத்தைத் தொலைபேசியில் விரித்துவைத்துக்கொண்டு ஒரு மாரிக்காலம் முழுக்கத் தேடினாள். பாரிசில் பெரியப்பாவின் பிள்ளைகள் மூன்று பேர். லண்டனில் அண்ணியின் தங்கச்சிமார். சூரிச்சில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. ஒஸ்லோவிலும் ஸ்ருட்காட்டிலும் ஆட்கள். ரோமில்கூட அண்ணனோடு படித்த ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். ஆள் இருக்கிற ஊருக்குப் போனால் அந்த ஆளின் வீட்டில்தான் தங்க வேண்டும். வேறு எங்காவது தங்கினால் அது அவர்களை முகத்தில் அறைந்த மாதிரி. தங்குவதென்றால் பெட்டி நிறையச் சாமான் சுமக்க வேண்டும், அவர்களுடைய சோபாவில் இருந்து யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு வீடியோ பார்க்க வேண்டும், "நீர் ஏன் பிள்ளை இன்னும் கலியாணம் முடிக்கேல்லை" என்று கேட்டால் சிரிக்கவும் வேண்டும்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்தொரு வயதில், அண்ணன் கணேசலிங்கம் அம்மாவை ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்கு எடுப்பித்தபோது, அம்மாவோடு சேர்ந்து வந்தவள். அன்றிலிருந்து ரொக்ஸ்பரோவில் அண்ணன் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறாள். அண்ணனின் பிள்ளைகள் இரண்டையும் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது அவள். அம்மாவின் கடைசி மூன்று வருடமும் அம்மாவைத் தூக்கியதும் கழுவியதும் அவள். இப்போது பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், அம்மாவும் போய்விட்டா. அறை மட்டும் மாறவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸும் மெற்றோவும் பிடித்து ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஒரு மரக்கறிக் கடையில் நிற்பாள். வெண்டிக்காய், கத்தரிக்காய், பாகற்காய் வாங்கவரும் தமிழருக்கும் வங்காளிகளுக்கும் அவள்தான் ஆள். வீட்டில் அண்ணனுக்குத் தங்கச்சி, அண்ணிக்கு மச்சாள், பிள்ளைகளுக்கு மாமி. சந்தையில் "அந்த வெண்டிக்காய்ப் பிள்ளை".

அவள் கேட்டது எட்டே எட்டு நாள். எட்டு நாள் யாருக்கும் ஒன்றுமாக இல்லாமல் இருக்க வேண்டும். முதுகில் ஒரு பை, எட்டுப் பேர் படுக்கும் பெண்கள் அறையில் ஒரு கட்டில், அறைக்குக் கீழே பொதுச் சமையலறை. சந்தையில் கூட வேலைசெய்யும் கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையும் இப்படித்தான் போய்வருவார்கள்.

"லிஸ்பனோ? அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டா அண்ணி பாலாம்பிகை.

"ஒருத்தரும் இல்லை அண்ணி."

"பின்னை என்னத்துக்குப் போறீர்?"



கணேசலிங்கம் இரண்டு நாளாக உலகம் முழுக்கத் தொலைபேசி எடுத்தார். லிஸ்பனில் ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு தமிழ்ப் பெடியன், ஒரு தமிழ்க் கடையாவது இருக்கிறதா என்று கேட்டார்; ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் களைத்துப்போய் நாற்காலியில் இருந்தார்.

"தமிழன் இல்லாத ஊரைத் தேடிப் பிடிச்சிருக்கிறாள். ஹொஸ்ரல் எண்டா படிக்கிற பிள்ளையள் படுக்கிற இடம். ஆக்கள் என்ன சொல்லுவினம்? தங்கச்சிக்கு ஒரு வீடு பிடிச்சுக் குடுக்க அண்ணனுக்கு வக்கில்லை எண்டெல்லோ சொல்லுவினம்."

"அவ தனியப் போறா எண்டு நீங்கள் நம்பிறியளோ?" என்றா பாலாம்பிகை, வெங்காயம் வெட்டிக்கொண்டே. சிவாஜினி பக்கத்தில்தான் நின்றாள். "இந்த வயசில பொம்பிளை தனியப் போய் மதில் பாத்திட்டு வருவாளோ? ஆரோ ஆள் இருக்கு. பேந்து பாருங்கோ."

சிவாஜினி கீழே தன் அறைக்குப் போனாள். பையை ஏழு கிலோவுக்குள் அடக்கினாள். இரண்டு உடுப்பு, ஒரு துவாய், பூட்டு, சந்தைக் கடை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பச்சைத் துணிப்பை ஒன்று. பச்சைப் பையில் கடையின் பெயரும் "மொன்றியல்" என்பதும் பிரெஞ்சில் அச்சடித்திருக்கும். எல்லாவற்றையும் யோசித்தவள் கடைசி நிமிடத்தில் ஒரு சின்னப் பைக்கற்றில் வறுத்த கறித்தூளை இரட்டைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்தாள். வெளியில் சாப்பிட்டுக் காசு கட்டாது, முட்டை பொரித்துச் சாப்பிட வேண்டும், தூள் இல்லாமல் முட்டை தொண்டையால் இறங்காது. அவ்வளவுதான் யோசித்தாள். தமிழர் இல்லாத ஊரைத் தேடி ஒரு மாரியைச் செலவழித்தவள், தமிழை மூன்று மாடிக்கும் மணக்க மணக்கக் கையோடு கொண்டுபோனாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், ஹொஸ்ரல் சமையலறையில் முட்டைக்குத் தூள் போட்ட அடுத்த நிமிடம் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"பிள்ளை, இது எங்கட தூளெல்லோ?"

தும்புத்தடியும் வாளியுமாக ஒரு பெண் வாசலில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை. சிவாஜினியின் கை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்து கிளறியது. திரும்பாமலே பிரெஞ்சில், விளங்கவில்லை என்றாள்.

அந்தப் பெண் கிட்ட வந்தாள். சட்டியைப் பார்த்தாள், சிவாஜினியின் முகத்தைப் பார்த்தாள், மேசையில் கிடந்த பச்சைப் பையைப் பார்த்தாள். அதில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மொன்றியல். என்ர அக்கா அங்கதான் பிள்ளை. அக்னெஸ் எண்டு. பார்க் எக்ஸ்ரென்சன்ல, கோயிலுக்குப் பக்கத்தில இருக்கிறா. நான் றோசா. மன்னார்."

அக்னெஸை சிவாஜினிக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்கு வந்து வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து, ஒடியாததை ஒதுக்கிவிட்டு, ஒரு கிலோ எடுப்பவ. தனக்கு லிஸ்பனில் ஒரு தங்கச்சி இருப்பதாக அவ ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் அக்னெஸ் நாளைக்கே கேள்விப்படுவா, ஞாயிறு பூசைக்கு வருகிற எல்லோரும் கேள்விப்படுவார்கள், திங்கட்கிழமை அண்ணி கேள்விப்படுவா. லிஸ்பனில் ஒரு ஆள் இருக்கு என்று ஆகிவிடும். எட்டு நாளும் போய்விடும்.

அவள் மறுபடியும் பிரெஞ்சில் அதையே சொன்னாள்.

றோசா சிரித்தாள். "சரி பிள்ளை. கதைக்க விருப்பமில்லாட்டி விடும். ஒரு கரண்டி தாருமன், நாக்கு செத்துப்போச்சு."

சிவாஜினிக்குத்தான் தமிழ் விளங்காதே. விளங்காதவள் எப்படி ஒரு கரண்டி கொடுப்பது? முழுவதையும் தட்டில் வழித்து, மேசையில் இருந்து, கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாள். பிறகு சட்டியைக் கழுவி, மிச்சத் தூளைப் பைக்கற்றோடு குப்பையில் போட்டாள்.

அடுத்த நாள் காலை கட்டில் விரிப்பு மாற்ற வந்த றோசா, "தூளை எறிஞ்சுபோட்டீர் என்ன? குப்பை கட்டுறதும் நான்தான் பிள்ளை. எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் கதைத்தாள். பதில் எதிர்பார்க்காமல், பூனையோடு கதைப்பதுபோல, விரிப்பை உதறிக்கொண்டும் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டும். அக்காவிடம் போவதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் புறப்பட்டது. ஏஜென்சிக்காரன் இதுதான் பாதி வழி என்று இங்கே இறக்கிவிட்டுப் போனவன், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. சலவை மெசின் இருக்கிற அறையில்தான் படுக்கை, வேலையோடு சேர்த்துத் தந்தது. இரண்டு மாதத்தில் விசாவுக்கு ஒரு நேர்முகம் இருக்கிறது, வேலை இருக்கிறதென்று மனேச்சர் ஒரு கடிதம் தருவா, அது கிடைத்துவிட்டால் பயமில்லை. "அக்காவுக்கு நான் இப்பிடி இருக்கிறது சொல்ல வெக்கம் பிள்ளை. அவவும் ஒருத்தருக்கும் சொல்லிறேல்லை." சிவாஜினி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு சொல் விடாமல் விளங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் அவளோடு இவ்வளவு நேரம் யாரும் கதைத்ததில்லை.

நான்காம் நாள் மொட்டை மாடியில் நீல ஓட்டுச் சுவருக்கு முன்னால் நின்று தன்னைத்தானே படம் எடுக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த றோசா வந்து தொலைபேசியைக் கையிலிருந்து வாங்கினாள்.

"அந்தப் பக்கம் நில்லும். பின்னால தெரியிற ஆறும் படத்தில விழட்டும். முகத்தை ஏன் செத்தவீட்டுக்குப் போனமாதிரி வைச்சிருக்கிறீர்? சிரியும். உமக்கு விளங்குது எண்டு எனக்குத் தெரியும்."

சிவாஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது படத்தில் விழுந்தது. அவளுடைய வாழ்க்கையில் எடுத்த படங்களில் அதுவே நல்ல படம்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, சிவாஜினி வெளியே போகக் கீழே இறங்கியபோது, வரவேற்பு மேசையடியில் சத்தமாக இருந்தது. அவளுடைய அறையிலேயே படுக்கும் போலந்துப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு நின்றது. மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்றைக் காணவில்லை, அதன் அம்மா கொடுத்தது. மேசைக்குப் பின்னால் மனேச்சர்ப் பெண். முன்னால், ஈரக் கையோடு றோசா. மூன்று வருடத்தில் பழகிய நாலு சொல் போர்த்துக்கேயமும் பயத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. சிவாஜினியைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"பிள்ளை, நல்லகாலம் வந்தீர். சங்கிலி கட்டிலுக்குக் கீழ கிடந்தது. கூட்டேக்க கண்டனான். அந்த அறையில தங்கம் போடுற ஆள் நீர்தான் எண்டு நினைச்சு உம்மட தலையணை உறைக்குள்ள வைச்சுவிட்டனான். எங்கட ஆக்கள் அங்கதானே வைக்கிறது. நான் இப்ப போய் எடுத்துக் குடுத்தா உம்மட தலையில பழி விழும். அதுதான் வாய் திறக்காமல் நிக்கிறன். நீராச் சொல்லும். அந்த மனிசி பிழையாய் நினைச்சு வைச்சுப்போட்டுது எண்டு ஒருக்காச் சொல்லும், காணும்."

மனேச்சர் சிவாஜினியைப் பார்த்தாள். இவள் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சிவாஜினிக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. நான்கு நாளாக விளங்காதவளாக நடித்ததற்கு என்ன சொல்வது. தன் தலையணைக்குள் இருக்கும் சங்கிலிக்கு என்ன சொல்வது. அக்னெஸ், ஞாயிறு பூசை, அண்ணி, வெங்காயம்.

"இல்லை. இது என்ன மொழி என்றே எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

றோசாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். மேலே ஓடிப்போய் சிவாஜினி படுக்கும் ஆறாம் கட்டிலின் தலையணையை உதறிக் காட்டியிருக்கலாம். அவள் செய்யவில்லை. ஏப்ரனை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"சரி பிள்ளை. தூள் அந்த அலுமாரிக்குள்ள, இடது பக்கத்தில இருக்கு" என்றாள்.

மத்தியானத்துக்குள் சலவை அறையிலிருந்த அவளுடைய பை வெளியே போய்விட்டது. சிவாஜினி அறை வெறுமையாகும் வரை காத்திருந்து தலையணை உறைக்குள் கையை விட்டாள். சங்கிலி இருந்தது. அதைக் கொண்டுபோய்க் குளியலறைத் தட்டில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னேரம் போலந்துப் பிள்ளை அதைக் கண்டெடுத்து எல்லோரையும் கட்டிப்பிடித்தது, சிவாஜினியையும். மனேச்சர், நல்லதாய்ப் போயிற்று என்றாள். நாளைக்குப் புது ஆள் வருகிறாள் என்றும் சொன்னாள். அப்போது சிவாஜினி வாய் திறந்திருக்கலாம். ஆற்றங்கரைக்கு எந்த ட்ராம் போகும் என்று கேட்டாள்.

மிச்ச மூன்று நாளும் நன்றாகவே இருந்தன. ட்ராமில் மலையேறினாள், கோட்டை மதிலில் இருந்து தோடம்பழம் தின்றாள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இரவு நித்திரை வந்தது. கடைசி நாள் அலுமாரியின் இடது பக்கத்திலிருந்து தூளை எடுத்து முட்டை பொரித்தாள். வாசலில் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே குசினியில் வைத்து அண்ணிக்குப் படங்களைக் காட்டினாள். பாலாம்பிகை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனவ, நீலச் சுவருக்கு முன்னால் சிவாஜினி சிரிக்கும் படத்தில் நின்றா.

"இது ஆர் எடுத்தது?"

"அங்க நிண்ட ஒரு மனிசி."

"மனிசியோ? மனிசியைப் பாத்தோ இப்பிடிச் சிரிக்கிறீர்?" தொலைபேசியைத் திருப்பித் தந்தா. "தனியப் போனவளுக்குப் படம் பிடிக்க ஆள் இருந்திருக்கு. இது லிஸ்பனோ, ரொறொன்ரோ ஸ்காபரோவில ஆரின்டையும் வீட்டுப் பின்பக்கமோ, ஆர் கண்டது. சுவர் எல்லா இடத்திலயும்தான் இருக்கு."

சிவாஜினி கோபப்படவில்லை. என்னவும் சொல்லட்டும் என்று நினைத்தாள். எட்டு நாளும் அவளிடம் இருந்தது, அதை யாரும் எடுக்க முடியாது.

சனிக்கிழமை அக்னெஸ் சந்தைக்கு வந்தா. தோளில் அதே பச்சைப் பை. வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று நுனிகளை ஒடிக்கத் தொடங்கினா.

"பிள்ளை, ஒரு விசயம் கேக்கவேணும். எனக்கு லிஸ்பனில ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவள் வேலைசெய்த இடத்தில களவெண்டு கலைச்சுப்போட்டாங்கள். இப்ப ஒரு மாதா கோயில் மண்டபத்தில படுக்கிறாள்."

டக். ஒரு நுனி ஒடிந்தது.

"அங்க ஒரு தமிழ்ப் பொம்பிளை நிண்டவளாம். எங்கட தூள் போட்டுச் சமைச்சவளாம், கையில உங்கட கடைப் பையும் இருந்ததாம். இவள் கெஞ்சிக் கேட்டும், மொழி தெரியாது எண்டு சொல்லிப்போட்டாளாம். சங்கிலி அவளின்ர தலையணைக்குள்ள. எடுத்துக்கொண்டே வந்திருப்பாள், வேசை."

"ஆர் எண்டு தெரியாதோ அக்கா?"

"பேர் சொல்லேல்லையாம். வாயே திறக்கேல்லையாம். உம்மை மாதிரித்தான் இருப்பாள் எண்டு நினைக்கிறன், எங்கட வயசு இல்லை." அக்னெஸ் சாதாரணமாகத்தான் சொன்னா. "இந்தப் பை ஆர் ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"நூறு, இருநூறு பேருக்குக் குடுத்தது அக்கா."

"கண்டுபிடிச்சா நான் சண்டை பிடிக்கமாட்டன் பிள்ளை. ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லிக் கேப்பன். நடந்தது இதுதான் எண்டு நாலு வரி. அது காணும் அவளுக்கு, வேலையைத் திருப்பிக் குடுப்பாங்கள். நேர்முகத்துக்கு இன்னும் நாளிருக்கு. நீர் கொஞ்சம் விசாரிச்சுப் பாரும். உமக்கு ஆக்களைத் தெரியும்."

சிவாஜினி வெண்டிக்காயைத் தராசில் போட்டாள்.

"லீவில எங்கயோ போனனீராம்?"

"ரொறொன்ரோவுக்கு."

"ஆரிட்டை?"

"தெரிஞ்ச ஒரு ஆளிட்டை."

அக்னெஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தா. "சரி, சரி. நான் கேக்கேல்லை." பையை மடித்துத் தோளில் போட்டா. "நாளைக்குத் தமிழ்க் கடையில பாலாம்பிகையைக் கண்டா அவவையும் கேக்கிறன். லிஸ்பனுக்கு ஆர் போனதெண்டு அவவுக்குத் தெரியாமல் இருக்காது."

மெற்றோவில் வரும்போது சிவாஜினி படங்களை அழித்தாள். ட்ராம், கோட்டை, ஆறு, தோடம்பழம். நாலு வரிக் கடிதம் எழுதவும் அதே நேரம்தான் பிடித்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். நீலச் சுவருக்கு முன்னால் சிரிக்கும் படம் கடைசியாக மிஞ்சியது. அதையும் அழித்தாள்.

குசினியில் பாலாம்பிகை சோறு வடித்துக்கொண்டிருந்தா. சிவாஜினி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அண்ணி, நீங்கள் சொன்னதுதான் சரி."

"என்னது?"

"லிஸ்பனுக்குப் போகேல்லை. ரொறொன்ரோவுக்குத்தான் போனனான். ஒரு ஆளோட. லிஸ்பன் கிஸ்பன் எண்டு இனி ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு வெக்கம்."

பாலாம்பிகை பானையை இறக்கி வைத்தா. இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டா. முகம் மலர்ந்திருந்தது.

"எனக்குத் தெரியும். அப்பவே இவரிட்டைச் சொன்னனான். இரும், இரும். ஆள் ஆர்? முடிச்சவரோ?"

சிவாஜினி இருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம்" என்றாள். "ரெண்டு பிள்ளையளும் இருக்கு."